படுக்கையிலிருந்து மரதன் வரை

1962ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஐயாவுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 49, எனக்கு 12. பார்க்க வந்த வைத்தியர், ஆறு வாரங்களுக்குக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று கட்டளையிட்டுச் சென்றார். அம்மா சோற்றைக் குழைத்து ஊட்டினார். மற்ற யாவும் கட்டிலிலேயே நடந்தன. முன் விறாந்தையில் கிடந்த தமது சாய்மனைக் கதிரையில் ஒரு பொழுதாவது இருக்க வேண்டும் என்று ஐயா நாள்தோறும் கேட்டார். நாங்கள் விடவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, திடீரென மூச்சுத் திணறி இறந்துபோனார். நெடுநாள் அசையாமற் கிடந்த காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி சுவாசப்பைக்குச் சென்றிருக்கலாம் என்று பல ஆண்டுகளின் பின்னர் இருதய வைத்தியர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

2014இல், எனது 64ஆவது வயதில், கொழும்பில் எனக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. மறுநாளே தாதியர் இருவர் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கதிரையில் இருத்தினர். நான் அழுதேன். நெஞ்சு வலியால் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு கதிரைகளுக்கும் இடையில் மருத்துவ உலகில் என்ன நடந்தது என்பதைத் தேடிப் படிப்பது, சுகமடைந்து வந்த மாதங்களில் எனக்கு ஒரு வேலையாயிற்று.

முடியுரு நாடியில் இரத்தம் உறைந்தால் மரணம் உடனடியாக வந்தே தீரும் என்பதில்லை, பிழைத்தவர்களும் உண்டு என்று சிக்காகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எழுதினார். பிழைத்தவரை என்ன செய்வது என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. சிதைந்த இதயத்தசை ஆறித் தழும்பாவதற்கு வாரக்கணக்காகும், அதற்குள் உடலை அசைத்தால் அது கிழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் படுக்கையே ஆளைக் கொல்லக்கூடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அதனைக் கணக்கில் எடுத்தவர்கள் பொஸ்டன் நகரின் சாமுவேல் லெவைனும் அவரது இளம் உதவியாளர் பேர்னாட் லவுனும். மாரடைப்பு நோயாளரைச் சில நாட்களிலேயே கைப்பிடிக் கதிரையில் இருத்தலாம் என்று 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்களது சிகிச்சைக்கே ‘கைப்பிடிக் கதிரைச் சிகிச்சை’ என்றுதான் பெயர். (இதே லவுன் துணைநிறுவுநராக இருந்த, அணுவாயுதப் போருக்கு எதிரான வைத்தியர் அமைப்புக்கு 1985இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.) ஐயா கதிரை கேட்டது அக்கட்டுரை வெளிவந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்! எங்கள் ஊருக்கு வந்த வைத்தியரை நான் குறைகூற மாட்டேன். அவர் கற்ற காலத்து நூல்கள் அப்படித்தான் சொல்லின.

1953இல் லண்டனில் ஜெரி மொரிஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். மாடி பஸ்களில் நாள் முழுதும் இருந்தபடி ஓட்டும் சாரதிகளை விட, படியேறி இறங்கி ரிக்கெட் கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று அவரது ஆய்வு காட்டியது. மொரிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாமல் 99 வயதுவரை வாழ்ந்தார். 1955 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, உடற்பயிற்சியில் பெரும் நம்பிக்கை கொண்ட போல் டட்லி வைட் என்ற வைத்தியர் ஆலோசகராக அமைந்தார். அடுத்த ஆண்டு ஐசனோவர் தேர்தலில் நின்று மீண்டும் வென்றார்.

1967 மே மாதம், ஆர்ஜென்ரீனாவில் பிறந்த ரெனே பவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட நாடியைச் சுற்றி இரத்தத்துக்குப் புதுவழி அமைத்தார். என் காலில் உள்ள நீண்ட தழும்பு அந்த வழியில் வந்ததே.

ஓட்டம் என்று வரும்போது ரொறன்ரோவின் ரெறன்ஸ் கவனா முக்கியமானவர். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களை முதலில் நடக்கவும், பிறகு மெதுவாக ஓடவும் படிப்படியாகப் பழக்கி, 1973இல் அவர்களில் ஒரு சிறு குழுவை பொஸ்டன் மரதனுக்கே அழைத்துச் சென்றார். 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம்! கதிரையில் இருத்துவதே புதுமையாயிருந்த அதே நகரில், 21 ஆண்டுகள் கழித்து.

உற்சாகம் வந்தால் மிகையும் கூடவே வரும். மரதன் ஓடி முடிப்பவனுக்கு இந்த நோயால் சாவே இல்லை என்று கலிபோர்னிய வைத்தியர் தோமஸ் பாஸ்லர் எழுபதுகளில் வாதிட்டார். மரதன் ஓடியவர்களின் பிரேத பரிசோதனைகளிலேயே நாடி அடைப்பைக் கண்டதாகத் தென்னாபிரிக்காவின் ரிம் நோக்ஸ் முதலானோர் 1979இல் எழுதினர். பிறகு 1984 ஜூலையில், ஓட்டம் பற்றிய நூலால் உலகப் புகழ்பெற்ற ஜிம் பிக்ஸ் ஓடும்போதே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 52. அவரது தந்தை 43 வயதில் இதயநோயால் இறந்தவர்.

நான் ஓடத் தொடங்கியதும் நண்பர்கள் எனக்கு அனுப்பிவைத்தது சேர் ரனல்ப் பைன்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வுப் பயணியின் கதையை. 2003 ஜூனில் மாரடைப்பு, பைபாஸ். நான்கே மாதங்களில் ஏழு நாட்களில் ஏழு மரதன்! இதயத்துடிப்பு 130ஐத் தாண்டக்கூடாது என்பது சத்திரசிகிச்சை நிபுணரின் நிபந்தனை. அவரோ துடிப்பை அளக்கும் கருவியை எடுத்துச்செல்ல மறந்துவிட்டார். மீண்டும் இதைச் செய்ய மாட்டேன் என்று பின்னர் அவரே சொன்னார். வியப்பதற்கு உகந்த கதை, பின்பற்றுவதற்கு அல்ல.

எனது ஓட்டம் வேறு வகை. மார்பெலும்பு பொருந்தி, உடற்பயிற்சிப் பரிசோதனையும் முடிந்து, வைத்தியர் தலையசைத்த பின்னரே தொடங்கினேன். காலிமுகத்திடலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், பின்பு இரண்டு கம்பங்களுக்கு நடை. நான் குடிக்கும் பீற்றா புளொக்கர் மாத்திரை துடிப்பை அடக்கிவைப்பதால் நாடி பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை; ஓடும்போது ஒரு முழு வசனத்தைப் பேச முடிகிறதா என்பதே அளவுகோல்.

“இஞ்சாருங்கோ, நடந்தால் காணாதே? ஏன் ஓட வேணும்?” என்று மனைவி கேட்டார். என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. முதல் மூன்று மாதங்கள், கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடி கடலோரச் சுவரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வருவதில்லை.

75ஐத் தொட்டுவிட்டேன். வாரத்தில் நான்கு நாள், மூன்று கிலோமீற்றர். வீட்டுக்குத் திரும்பியதும் விறாந்தையில் சற்று இருப்பேன். ஐயாவின் சாய்மனைக் கதிரை இப்போது இல்லை. 1995 இடம்பெயர்வில் வீட்டுச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. பிளாஸ்ரிக் கதிரை ஒன்றுதான்.