எட்டுக் கட்டைகளுக்குள் ஒரு கணக்கு

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு ஒரு விசித்திரமான தடையுத்தரவு போட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகள் கம்பளிப் பந்தும் மரக்கட்டையும் வைத்து விளையாடிய கிண்டர்கார்ட்டன் பள்ளிகளை மூட வேண்டும். அவை நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புகின்றனவாம்! அரசின் கண்ணை உறுத்தியது கார்ல் ஃபிரோபெல் எழுதிய ஒரு சிறுநூல். பள்ளிகளைத் தொடங்கியவரோ அவருடைய சித்தப்பா ஃபிரெட்ரிக் ஃபிரோபெல். ஆள் வேறு என்று கிழவர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். தடை நீங்க 1860 ஆயிற்று.

ஃபிரோபெல் 1782இல் ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் பிறந்தவர். காட்டிலாகா வேலை பழகினார், நில அளவை செய்தார், கட்டடக் கலை படிக்கப் போய்ப் பாதியில் ஆசிரியரானார். சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலாட்சியின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஆனால் ஃபிரோபெலின் கணக்குப் பாடத்துக்கு வித்து விழுந்தது பெர்லினில், படிகவியல் அறிஞர் கிறிஸ்டியன் வைஸிடம் உதவியாளராக இருந்தபோது. படிகங்களை வகைபிரித்து அடுக்கியவருக்கு, முழுமைக்கும் அதன் பகுதிகளுக்கும் உள்ள உறவு மனத்தில் ஆழப் பதிந்தது.

1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அந்த எண்ணத்தை மரத்தில் செதுக்கத் தொடங்கினார். செய்த பொருள்களுக்கு ‘பரிசுகள்’ என்று பெயர் வைத்து, வரிசை எண்ணும் கொடுத்தார். முதல் பரிசு வண்ணக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை.

மூன்றாவதில்தான் கணக்கு சூடு பிடிக்கிறது. இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று, எட்டு ஓரங்குலக் கட்டைகளாகப் பிரியும். குழந்தை அதை நடுவே பிளந்தால் அரை. அதையும் பிளந்தால் கால். கடைசியில் கையில் நிற்கும் ஒற்றைக் கட்டை அரைக்கால். இரண்டு கால் சேர்ந்தால் அரை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். விளையாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முழுக் கனசதுரமாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி.

நான்காவது பரிசு இன்னும் தந்திரமானது. அதே அளவுக் கனசதுரம், அதே எட்டுத் துண்டுகள். ஆனால் இம்முறை ஒவ்வொன்றும் செங்கல் வடிவம்: இரண்டு அங்குல நீளம், ஓரங்குல அகலம், அரை அங்குலக் கனம். பெருக்கிப் பாருங்கள், முந்தைய கட்டையின் கன அளவேதான் வரும். நீண்டு கிடப்பது ‘பெரிசு’ என்று நம்பும் வயதில் உருவம் வேறு, அளவு வேறு என்று காட்ட இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஐந்தாவதில் கட்டைகள் 27. சிலவற்றைக் குறுக்கே அறுத்து முக்கோணங்களும் ஆக்கியிருந்தார். மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எல்லாம் அங்கே வந்துவிடும்.

தடை நீங்கும் முன்பே இந்த முறை கடல் தாண்டியது. 1856இல் மார்கரெத்தே ஷுர்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி அமெரிக்காவின் விஸ்கான்சினில் தம் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்ட்டன் நடத்தினார். பிறகு மில்டன் பிராட்லி என்ற நிறுவனம் பரிசுகளைச் செய்து விற்றது. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அவற்றைப் பார்த்த ஒரு தாய் தம் மகனுக்கு வாங்கித் தந்தார். மகன் ஃபிராங்க் லாய்டு ரைட், பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அந்தக் கட்டைகளின் தாக்கத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயர் பரவிய அளவுக்கு உயிர் பரவவில்லை. சீடர்கள் கையேடு எழுதினார்கள். ஆசிரியை சொல்லச் சொல்ல வகுப்பே ஒரே நேரத்தில் கட்டையை எடுத்து வைத்தது. விளையாட்டு கவாத்தாகிவிட்டது. இதில் ஃபிரோபெலுக்கும் பங்குண்டு: ஒவ்வொரு அசைவுக்கும் தத்துவம் எழுதி வைத்தவர் அவர்தானே.

அந்தக் கவாத்து பிடிக்காமல் விலகியவர் கரோலின் பிராட் என்ற ஆசிரியை. 1914இல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கி, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் பெரிய கட்டைகளை அறுத்து, எந்தக் கட்டளையும் இல்லாமல் பிள்ளைகளிடம் விட்டார். இரண்டு சிறிய கட்டை ஒரு பெரிய கட்டைக்குச் சமம் என்பதைப் பாலம் கட்டும்போதே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். அவர் அவற்றுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அளவு தெரிந்த எந்த ஆசாரியும் அறுத்துத் தரலாம்.