தள்ளிப்போட்ட நியாயத்துக்கு வட்டி

ஒரே சாமி. ஒரே வேதாகமம். ஒரே கோயில். ஆனால், தோல் கறுப்பாக இருந்தால் கடைசி பெஞ்ச். நற்கருணை வாங்கப் போனாலும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வாங்கி முடித்த பிறகுதான்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பல கத்தோலிக்கக் கோயில்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதுதான் நடைமுறை. பள்ளிக்கூடம் என்று வந்தால் அந்தக் கடைசி பெஞ்சும் கிடையாது. கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளி. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிதான். சொல்லிக்கொடுப்பதும் 'பிறரை நேசி' என்றுதான்!

இதை மாற்ற இரண்டு பேராயர்கள் முயன்றார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள். ஒருவர் சட்டென்று செய்தார். இன்னொருவர் தள்ளிப்போட்டார். என்ன வித்தியாசம் வந்தது தெரியுமா?

முதலாமவர் ஜோசப் ரிட்டர். 1946-ல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பேராயராக வந்தார். வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 1947-ல் பள்ளி திறக்கிற நேரத்தில் உத்தரவு போட்டுவிட்டார். கத்தோலிக்கப் பள்ளிகளில் இனி நிறம் பார்க்கக் கூடாது. தீர்ந்தது விஷயம்.

தீரவில்லை. வெள்ளைப் பெற்றோர் சுமார் 700 பேர் கூட்டம் போட்டார்கள். அந்த மாநிலச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். அதைக் காட்டிப் பேராயர் மேல் கேஸ் போடுவது என்று முடிவானது.

ரிட்டர் அசரவில்லை. செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. எல்லாக் கோயில்களிலும் அவர் கடிதம் வாசிக்கப்பட்டது. திருச்சபை விவகாரத்துக்காகப் பேராயரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் திருச்சபைச் சட்டப்படி விலக்கம். அதாவது, நற்கருணை உள்பட எதுவும் கிடையாது. ஒரு கத்தோலிக்கருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

வாஷிங்டனில் இருந்த போப்பின் பிரதிநிதியிடம் முறையிட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். கூட்டம் கலைந்தது. பள்ளிகள் நடந்தன. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954-ல். அதற்கு ஏழு வருடம் முன்னால் நடந்த கதை இது.

அடுத்தவர் ஜோசப் ரம்மெல். லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ். ஜெர்மனியில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர். 1935 முதல் அங்கே பேராயர்.

இவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். 1953-ல், கோயிலில் பாகுபாடு கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். 1955-ல் ஒரு கிராமத்துச் சிற்றாலயத்தில், பூசை வைக்க வந்த கறுப்பினப் பாதிரியாரைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியா சங்கதி என்று அந்த ஆலயத்தில் வழிபாட்டையே நிறுத்திவிட்டார் ரம்மெல். 1956-ல் இன்னும் ஒருபடி மேலே போய், நிறப்பிரிவினை ஒழுக்கக்கேடு, பாவம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பாவம் என்று சொல்லியாயிற்று. பள்ளிக்கூடக் கதவைத் திறந்தாரா?

இல்லை. ஏனென்றால் எதிரே நின்றது 700 பெற்றோர் அல்ல, ஒரு மாநில அரசு. லூசியானாவில் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம், மதிய உணவு, பஸ் வசதியெல்லாம் அரசாங்கச் செலவு. கலந்து உட்கார வைத்தால் அதெல்லாம் போய்விடும் என்ற மிரட்டல். பாமர ஜனங்களில் ஒரு கூட்டம் 1957-ல் போப்புக்கே மேல்முறையீடு செய்தது. அடுத்த வருடம் பார்க்கலாம், அதற்கடுத்த வருடம் பார்க்கலாம் என்று போனது. 1960 நவம்பரில், நீதிமன்ற உத்தரவுப்படி நான்கு கறுப்பினச் சிறுமிகள் நியூ ஆர்லியன்ஸ் அரசுப் பள்ளிகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். சிலுவை வைத்த பள்ளிகள் அப்போதும் மூடித்தான் இருந்தன.

கடைசியில் 1962 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ரம்மெலுக்கு அப்போது 85 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. எதிரிகளோ இத்தனை வருடத்தில் சங்கம் வைத்து, பணம் சேர்த்து, தயாராக இருந்தார்கள். ஏப்ரல் 16-ல் மூன்று பேரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார் ரம்மெல். அதில் ஒருவர் லியாண்டர் பெரெஸ். பிளாக்மின்ஸ் என்கிற பகுதியையே தன் கைக்குள் வைத்திருந்த அரசியல் தாதா.

பெரும்பாலான பள்ளிகள் அந்த வருடம் அமைதியாகத்தான் திறந்தன. ஆனால், பெரெஸின் பிளாக்மின்ஸில் பியூராஸ் என்று ஓர் ஊர். அங்கே ஐந்து கறுப்பினக் குழந்தைகள் பள்ளிக்கு வந்தார்கள். உடனே மிரட்டல், புறக்கணிப்பு. பள்ளி வெறிச்சோடியது. 1963-ல் அந்தக் கட்டடத்துக்கு வெடியே வைத்துவிட்டார்கள்.

செயின்ட் லூயிஸும் லூசியானாவும் ஒன்றா, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரம்மெல் 1956-லேயே கதவைத் திறந்திருந்தால் எதிர்ப்பே இருந்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால், கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கடனைத் தள்ளிப்போட்டால் அசல் குறையாது, வட்டிதான் ஏறும். ரிட்டர் அசலோடு முடித்தார். ரம்மெல் காத்திருந்த ஆறு வருடமும், ஊர் பக்குவப்படட்டும் என்ற நல்லெண்ணத்தில் கழிந்ததுதான். ஊர் பக்குவப்பட்டதா? அதற்குள் எதிர்ப்புதான் பக்குவப்பட்டது.

சரி, அந்த வட்டியைக் கட்டியது யார்? பேராயர் இல்லை. பெரெஸும் இல்லை. 1969-ல் அவர் இறந்தபோது, திருச்சபையோடு சமாதானமாகி, கோயிலில் பூசையோடுதான் அடக்கமானார்.

1956-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு கறுப்பினக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்து வைப்பது பாவம் என்று அதன் பேராயர் எழுதிய அதே வருடம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியின் கதவு திறந்தபோது அது ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும். இடையில் போன ஆறு வகுப்புகளை எந்தச் சுற்றுமடலும் திருப்பித் தரவில்லை.