கட்டற்ற மென்பொருள் கடைக்கு வந்த வரலாறு

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், மாநில எல்லையைக் கடந்தபின் அடையும் ஊர்களுள் அகளியும் ஒன்று. பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் அமைந்த அவ்வூரில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். இருளர் முதலிய பழங்குடி மக்களின் மொழிகளும் செவியில் விழும். அட்டப்பாடியின் மேட்டு நிலங்களில் கேழ்வரகும் சாமையும் நெடுங்காலமாக விளைந்து வருபவை. சாமையை விளைந்தபடியே உலையில் இட இயலாது. உமி நீக்கிப் புடைத்த பின்னரே அது சோறாகும். உமி நீக்கியவருக்குக் கூலி உண்டு; ஆயினும் கூலி பெற்றதனால் விதை அவருக்கே உரியதாகிவிடாது.

கணினியைப் பற்றிப் பேச வந்தவன் சாமையைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் எண்ணலாம். கட்டற்ற மென்பொருளின் வரலாறும் ஏறக்குறைய இதுவேதான்.

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் படித்துத் திருத்தத்தக்க அதன் வடிவத்தை மூல நிரல் என்பர். மூல நிரலை மறைத்துவிட்டு, இயந்திரம் மட்டுமே அறியும் வடிவத்தை விற்கும் வழக்கம் பரவி வந்த காலத்தில், 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், பிறருக்கு அளிக்கவும், திருத்தி வெளியிடவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் விற்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. தாம் எழுதிய ஈமாக்ஸ் என்னும் மென்பொருளை நாடாவில் பதித்து 150 டாலருக்கு அவரே விற்றார். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே குழப்பம் நேர்ந்தது. கட்டற்றது என்றும் இலவசம் என்றும் வெவ்வேறு சொற்கள் நம் தமிழில் இருப்பது நமது நற்பேறு.

1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டபோது, அதற்காக எவரும் பணம் பெறலாகாது என்று நிபந்தனை விதித்தார். நல்லெண்ணத்தில் பிறந்த அந்நிபந்தனையே பரவலுக்குத் தடையாயிற்று. நெகிழ்வட்டுகளில் படியெடுத்துக் கொடுப்போர் தம் செலவையேனும் பெற வேண்டாவா? 1992இல் அவர் குனு பொது உரிமத்தை ஏற்றார். அதன்படி யாரும் விற்கலாம். ஆனால் வாங்குவோருக்கு மூல நிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் அதனை மீண்டும் பிறருக்கு அளிப்பதைத் தடுத்தல் கூடாது.

இதன்பின் உமி நீக்குவோர் பலர் தோன்றினர். 1993இல் தன்னார்வலர்களின் டெபியன் தொடங்கிற்று. 1994இல் ரெட் ஹாட் வெளிவந்தது. அவர்கள் செய்த பணி யாது? சிதறிக் கிடந்த நிரல்களைத் திரட்டினர். ஒன்றோடொன்று முரணாதவாறு சோதித்தனர். நிறுவும் முறையை எளிதாக்கினர். வணிக நிறுவனங்கள் அதனைக் குறுந்தகட்டில் பதித்து, விளக்கநூலுடன் பெட்டியிலிட்டு விற்றன. ஐயம் கேட்போருக்கு விடையும் அளித்தன. படியெடுக்கத் தடையில்லாத பொருளுக்கு யார் பணம் கொடுப்பர் என்று பலர் ஐயுற்றனர். பணம் நிரலுக்கன்று, பராமரிப்புக்கும் நம்பிக்கைக்குமே என்பது பின்னர் விளங்கிற்று. 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் ரெட் ஹாட்டை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

இனி அகளிக்குத் திரும்புவோம். கேரள அரசு 2001இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளை நோக்கித் திரும்பிற்று. 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அது முதலில் டெபியனையும், பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு, பள்ளிக்குரிய இயங்குதளத்தைத் தொகுத்தது. வடிவ கணிதம் கற்கும் ஜியோஜிப்ரா முதலான பாடக் கருவிகள் அதில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டன. நிரல் அறியாத ஆசிரியரும் அதனை நிறுவிப் பாடம் நடத்தலாம். ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் செலுத்தும் சுமை நீங்கிற்று. தலைநகரின் பள்ளிக்கும் மலையூரின் பள்ளிக்கும் ஒரே கருவி கிடைத்தது. இடுக்கி மாவட்டத்திலும் பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் பிள்ளைகளுக்காகத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழிலும் அச்சாகிறது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது உள்ளது. மூடிய மென்பொருளில் தமிழ் இடம்பெற வேண்டுமாயின், அதன் உரிமையாளர் மனம் வைக்க வேண்டும். அவர் கணக்கிலே எல்லையோரத்துச் சிறு தொகையினர் எந்த மூலைக்கு? கட்டற்ற மென்பொருளில் எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007இல் டெபியனை ஒட்டி பாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்தது அவ்வாறே. தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்பையும் தமிழாக்கங்களையும் ஆக்கித் தந்தவருள் தன்னார்வலர் பலர்.

ஆனால் உரிமை வேறு, உழைப்பு வேறு. கதவு திறந்திருப்பதனாலேயே வீடு துப்புரவாகிவிடாது. தமிழாக்கம் அரைகுறையாக நின்றால், மாணவன் பிறமொழித் திரையையே நோக்கி அமர்ந்திருப்பான். பராமரிப்பவர் கைவிட்டால், தொகுப்பும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். ஆகவே, கட்டற்ற மென்பொருளைத் தமிழில் செம்மை செய்து, கடைக்காரருக்கும் எழுத்தருக்கும் நிறுவிக் கொடுத்து, அதற்கு நியாயமான கூலி பெறுபவரை நாம் குறைகூறலாகாது. அவர் விதையைப் பூட்டி வைக்காதவரை, அக்கூலியே அப்பணி நிலைப்பதற்கு உறுதுணை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களே! உங்கள் ஊரிலும் தமிழ் பயிலும் பிள்ளைகள் இருப்பர். அவர்கள் முன்னுள்ள திரையில் தமிழ் உண்டா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையெனில், விதை நம் கையில்தான் இருக்கிறது. உமி நீக்க ஆள் வேண்டும்.