வகுப்பில் ஒரு ஸ்டாலின்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் பெயர் ஸ்டாலின். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சமூக அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான், அதற்குள்ளேயே ரஷ்யப் புரட்சியும் வருகிறது. பிள்ளை பாடத்தைப் படித்துவிட்டு செல்போனிலும் தேடியிருக்கிறது. "அப்பா, உங்க பேரு வச்ச ஆளு இத்தனை பேரைக் கொன்னிருக்காரா?" என்று கேட்டிருக்கிறது. "சார், நீங்க எங்களுக்கு இதைச் சொல்லவே இல்லியே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் இடைநிலை ஆசிரியன். அந்த வருடம் வரலாற்று ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் பத்தாம் வகுப்பையும் என்னையே பார்க்கச் சொன்னார்கள். பயந்துகொண்டுதான் போனேன். முதல் உலகப்போரை சரயேவோவில் தொடங்காமல் சென்னையில் தொடங்கினேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்த கதை. "சரியான எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவதற்கு அதுதான் காரணம் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அக்டோபர் புரட்சி ஏன் நவம்பர் 7-இல் நடந்தது என்பதற்கும் நம் ஊரே உதவியது. சித்திரை முதல் தேதி, ஏப்ரல் மாதம் நடுவில் வருகிறதல்லவா? அதுபோல ரஷ்யாவில் இருந்த பழைய காலண்டர் 13 நாள் பின்தங்கியிருந்தது. அவர்களுக்கு அன்று அக்டோபர் 25.

இந்தப் பெயர்கள் நம் பக்கம் வந்த விதமும் வரலாறுதான். 1917 புரட்சியைப் பாடியவர் பாரதி. 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர். பெரியார் 1932-இல் சோவியத் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்து வந்தார். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. ரஷ்ய ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. இரங்கல் கூட்டத்தில் வைத்து மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார் கலைஞர். என் மாணவனின் அப்பா மில் தொழிலாளி, சங்கத்தில் இருந்தவர். அவருக்கு ஸ்டாலின் என்றால் ஹிட்லரைத் தோற்கடித்தவர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் "சோவியத் நாடு" பத்திரிகை வழவழப்பான தாளில் வரும். படிக்கிறோமோ இல்லையோ, நோட்டுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. சிரிக்கும் டிராக்டர் ஓட்டுநர்களும் கோதுமை வயல்களும் அப்படித்தான் நம் வகுப்பறைக்குள் வந்தார்கள்.

அவன் பத்தாவது படித்தது 1991–92. பாதி வருடத்தில், டிசம்பர் 25 அன்று, கோர்பச்சேவ் பதவி விலகினார். சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. ஆனால் புத்தகத்தில் இருந்தது, சுவரில் தொங்கிய வரைபடத்தில் இருந்தது. "சார், பரீட்சையில் என்ன எழுத?" என்று கேட்டார்கள். "புத்தகத்துல உள்ளதையே எழுதுங்க, திருத்துறவங்க அதை வச்சுத்தான் திருத்துவாங்க" என்றேன். மார்க்குக்கு அது சரி. ஏன் உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டாலின் என்ற பெயரோடு ஒரு பையன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை. எனக்கே அப்போது பாதிதான் தெரியும்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன், தம்பி. உன் மகளுக்கும் படித்துக் காட்டு.

தாது வருஷப் பஞ்சம் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பாய். 1876 தொடங்கி நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தபோது, இதே நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிப் போனது. உக்ரைனில் 1932–33 குளிர்காலத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். பெரியார் ஊர் திரும்பிவிட்ட சமயம் அது. விவசாயிகளின் நிலங்களைக் கூட்டுப்பண்ணையாக்கி, விளைந்ததை அரசு அள்ளிக்கொண்டு போனது. ஏற்றுமதியும் நின்றபாடில்லை. பண்ணைத் தானியத்தைத் திருடினால் சுட்டுக் கொல்லலாம் என்று 1932 ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள். பசித்தவர்கள் வேறு ஊருக்குப் போகாதபடி வழியையும் மறித்தார்கள். உக்ரைனில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். தாது வருஷத்துக்கு வெள்ளைக்காரனைத் திட்டுகிற நாம், இதற்கு மட்டும் சமாதானம் தேடக் கூடாது.

பிறகு 1937–38. அந்த இரண்டு வருடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் அவர்களுடைய அரசு ஆவணப்படியே ஏறத்தாழ 6,80,000 பேர். லெனினோடு சேர்ந்து புரட்சி செய்தவர்களும் அதில் உண்டு. நம்மவர் ஒருவரும் உண்டு: வீரேந்திரநாத் சட்டோபாத்யாய, சரோஜினி நாயுடுவின் தம்பி. முதல் உலகப்போர் காலத்தில் பெர்லினில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு வேலை செய்தவர். ரஷ்யாவை நம்பிப் போனார். 1937 செப்டம்பரில் மாஸ்கோவில் சுட்டுவிட்டார்கள். சரோஜினி நாயுடுவைப் பல வருடம் பாடமாக நடத்தியவன் நான். தம்பியின் கதை எனக்குத் தெரிந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான்.

இதையெல்லாம் வெளியார் மட்டும் சொல்லவில்லை. ஸ்டாலின் இறந்து மூன்று வருடத்தில், 1956 பிப்ரவரியில், குருஷேவே கட்சி மாநாட்டில் அவர் செய்த கொலைகளைப் பற்றிப் பேசினார்.

உன் அப்பா நம்பியதும் பொய்யில்லை. ஸ்டாலின்கிராடில் 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை சரணடைந்தது. ஹிட்லரை வீழ்த்தியதில் பெரிய பங்கு சோவியத் மக்களுடையது. அதற்கு அவர்கள் கொடுத்த உயிர் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். அந்தக் கணக்கைத் தலைவர் பெயரில் எழுதுவதா, செத்தவர்கள் பெயரில் எழுதுவதா என்று உன் மகளையே கேள்.

ஸ்டாலின் என்பது அந்த ஆளுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவர் ஜார்ஜியாக்காரர், குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. எஃகு என்ற சொல்லிலிருந்து தானே வைத்துக்கொண்டதுதான் ஸ்டாலின். உனக்கு வைத்தது உன் அப்பா. அதை மாற்ற வேண்டியதில்லை என்று பிள்ளையிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு தேவதானம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வந்தால் சாஸ்தா கோவில் பக்கம் கூட்டிப்போக வேண்டும். 1992-இல் என்னிடம் பத்தாவது படித்தவர்கள் யாரிடமாவது அந்தப் பழைய வரலாற்றுப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.