பக்கவாட்டிலிருந்து வந்த உதை: அமெரிக்கக் கால்பந்தைக் குடியேறிகள் மாற்றிய வரலாறு

ஒரு நாட்டில் ஒரு விளையாட்டில் தேர்ந்த ஒருவர் அமெரிக்காவில் குடியேறி, அங்குள்ள கால்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரராக உயரும்போது, அதைத் தனிமனித விடாமுயற்சியின் கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். பழையதை மறந்தார், புதியதைக் கற்றார், வென்றார் என்று அந்தக் கதை போகும். 1960களின் சான்றுகள் இதற்கு ஒத்துவரவில்லை. அன்று வந்தவர்கள் பழையதை மறக்கவில்லை, மறக்காததால்தான் வென்றார்கள். அவர்கள் காலோடு வந்த பழக்கத்துக்கு ஏற்ப ஆட்டமே தன்னைத் திருத்திக்கொண்டது. குடியேறியவரை ஒரு சமூகம் ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசும் எவரும் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கக் கால்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். காலுக்கு முழு வேலை கிடைப்பது சில தருணங்களில் மட்டுமே. அவற்றில் முக்கியமானது 3 புள்ளி தரும் ஃபீல்டு கோல். நடுவில் குனிந்திருப்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிவார். ஏறத்தாழ ஏழு கெஜம் தள்ளி மண்டியிட்டிருப்பவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவார். உதைப்பவர் அதைக் கம்பங்களுக்கு நடுவே செலுத்த வேண்டும். இவ்வளவும் ஒன்றரை நொடிக்குள் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் எதிரணி மேலே விழுந்துவிடும். 1960களின் தொடக்கம்வரை உதைப்பவர் பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஓடிவந்து, சதுரமாக வெட்டிய ஷூவின் முனையால் அதைக் குத்துவார். பந்தைத் தொடும் பரப்பு சிறிது என்பதால், இம்மி பிசகினாலும் பந்து திசைமாறிவிடும். முயற்சிகளில் ஏறத்தாழ பாதிதான் பலித்தன. தாராளமான ஆள்மாற்றத்தை, இந்த ஆட்டத்தின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1950இலேயே நிலையாக அனுமதித்துவிட்டது. உதைப்பதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது, அந்த இடத்துக்குரிய கலைதான் அமெரிக்காவில் வளரவில்லை.

அந்தக் கலை 1956இன் ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபோது எல்லை தாண்டியது. புடாபெஸ்ட்டில் பிறந்த பீட் கோகோலாக்கின் குடும்பம் ஆஸ்திரியா வழியாக நியூயார்க் மாநிலத்தின் ஆக்டென்ஸ்பர்க்கில் குடியேறியது. அவர் சேர்ந்த பள்ளியில் சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) அணி இல்லை, அமெரிக்கக் கால்பந்து அணிதான் இருந்தது. பந்துக்குப் பக்கவாட்டில் நின்று, சாய்வாக ஓடிவந்து, இடுப்பைச் சுழற்றி, புறங்காலால் உதைக்கும், சாக்கரில் பழகிய தன் பழைய முறையை அவர் அங்கேயும் கைவிடவில்லை. கார்னெல் பல்கலைக்கழகம் வழியாக 1964இல், என்.எஃப்.எல்.லுக்குப் போட்டி லீகான ஏ.எஃப்.எல்.லின் பஃபலோ பில்ஸ் அணிக்கு வந்தார். 1966இல் என்.எஃப்.எல். அணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை இழுத்துக்கொண்டது. மற்ற லீகின் ஆட்டக்காரர்களைத் தொடுவதில்லை என்று இருந்த வழக்கம் அத்துடன் உடைந்தது. ஏ.எஃப்.எல். பதிலுக்கு பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குகளை வளைக்கத் தொடங்க, அந்த ஜூன் மாதமே இரண்டு லீகுகளும் இணையப்போவதாக அறிவித்தன. இணைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதை விரைவுபடுத்திய ஒப்பந்தம் ஓர் அகதிச் சிறுவனாக வந்தவருடையது.

நார்வேயின் யான் ஸ்டெனெருட் பனிச்சறுக்குத் தாண்டல் வீரராகக் கல்வி உதவித்தொகை பெற்று மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அரங்கின் படிகளில் ஏறி இறங்கிக் கால்களுக்கு உரம் ஏற்றுவது அவருடைய பயிற்சி. அந்தப் பயிற்சியின் இடைவேளையில் அவர் பந்தை உதைப்பதைக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லப்போய்த்தான் கால்பந்து அணிக்குள் வந்தார். 1970 ஜனவரியில் நான்காம் சூப்பர் பௌல் இறுதிப்போட்டியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்காக 48 கெஜத்திலிருந்து அவர் அடித்த கோல், 1994வரை அந்தப் போட்டியின் மிகத் தொலைவான ஃபீல்டு கோலாக நின்றது. சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர் காரோ யெப்ரெமியன் 1966இல் டெட்ராய்ட் லயன்ஸில் சேர்ந்த சில வாரங்களில், மினசோட்டாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 6 ஃபீல்டு கோல் அடித்தார். இந்த இருவரும் 1971 கிறிஸ்துமஸ் நாளில் எதிரெதிரே நின்றார்கள். முறையான நேரம் முடியும் தறுவாயில் ஸ்டெனெருட்டின் உதை தவறியது. 82 நிமிடம் 40 நொடி நீண்ட அந்த ஆட்டத்தை யெப்ரெமியனின் உதை, அப்போது அவர் ஆடிய மயாமி டால்ஃபின்ஸுக்கு வென்று தந்தது. என்.எஃப்.எல். வரலாற்றின் மிக நீண்ட ஆட்டத்தை இரண்டு குடியேறிகளின் பாதங்கள் தீர்மானித்தன. ஃபீல்டு கோல்கள் பெருகியதால் 1974இல் கோல் கம்பங்களையே 10 கெஜம் பின்னால் தள்ளினார்கள். களத்தின் அமைப்பையே மாற்ற வைத்த ஒன்றை ஓரத்துச் சங்கதி என்று ஒதுக்க முடியாது.

நேர் உதையும் சாதித்ததே என்ற மறுப்பு நியாயமானது. டாம் டெம்ப்சி 1970இல் நேராக உதைத்து 63 கெஜத்திலிருந்து கோல் அடித்தார். அந்தத் தூரத்தைத் தாண்ட 2013வரை ஆளில்லை. மார்க் மோஸ்லி 1982இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே பெற்றார். ஆனால் ஒரு கலையை மதிப்பிட ஓர் உச்சம் போதாது, நாள்தோறும் அது எவ்வளவு பலிக்கிறது என்று பார்க்க வேண்டும். 1980களின் முடிவுக்குள் நேர் உதை வழக்கொழிந்தது, அமெரிக்காவில் பிறந்தவர்களும் பக்கவாட்டு உதைக்கே மாறினார்கள். இன்று ஐந்து முயற்சிகளில் நான்குக்கு மேல் பலிக்கின்றன. சமதளச் செயற்கைப் புல்லும் தனிப் பயிற்சியும் இதில் துணைநின்றன என்பது உண்மை. ஆனால் அவை மெருகேற்றியது குடியேறிகள் தந்த முறையைத்தான்.

உதைப்பவரின் இடம் குறுகியது, மற்ற இடங்களுக்கு வருபவர் பழையதை உதறித்தானே ஆக வேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. நைஜீரியாவின் வட்டெறி வீரர் கிறிஸ்டியன் ஒகோயே 1989இல் 1,480 கெஜம் பந்தைச் சுமந்து ஓடி லீகில் முதலிடம் பிடித்தார். எதிரிகளைத் தள்ளிக்கொண்டு ஓட அவருக்குக் கைகொடுத்தது எறிகளத்தில் திரண்ட உடல்வலு. ஆஸ்திரேலிய ரக்பி லீகிலிருந்து வந்த ஜோர்டன் மைலாட்டாவின் நிலை வேறு. அமெரிக்கக் கால்பந்தை ஒருமுறைகூட ஆடாத அவரை, பிலடெல்பியா ஈகிள்ஸ் 2018இன் புதுமுகத் தேர்வில் 233ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பந்தைச் சுமந்து பழகியவர், பந்தைத் தொடாமலே காவல் காக்கும் கலையை அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 2025இல் சூப்பர் பௌல் வென்ற அணியின் தூணாக அவர் நின்றார். பழையதை ஓரளவு உதற நேர்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அத்தனை பெரிய உடலை அவ்வளவு லாவகமாக நகர்த்தும் திறமை ரக்பி தந்தது. அதை அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கற்பிக்க ஓர் அணி முன்வந்தது. பொறுமையைக் காட்ட வேண்டிய கடமை வந்தவருக்கு மட்டும் உரியதல்ல.

அந்தப் பொறுமை எப்போதும் கிடைக்கவில்லை. யெப்ரெமியனின் உச்சரிப்பையும் ஆட்டம் தெரியாமையையும் கேலி செய்த கதைகள் அமெரிக்காவில் நெடுங்காலம் உலவின. உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒருவருக்குத் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தின் கதவு திறக்க 1991 ஆகிவிட்டது. அன்று உள்ளே சென்ற முதலாமவர் ஸ்டெனெருட், அமெரிக்காவுக்குப் பனியில் தாண்ட வந்த நார்வேக்காரர்.