கொலுப்படி ஏறிய பயணங்கள்

1830ஆம் ஆண்டு மே மாதம் ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பரிவாரத்தோடு போய்த் திரும்பிவர 1831 செப்டம்பர் ஆகிவிட்டது. வழியெங்கும் கண்டதை அவர் தெலுங்கில் எழுதி வைத்தார். 1838இல் அது 'காசியாத்ர சரித்ர' என்ற நூலாக வெளிவந்தது. அவர் எழுதினார், நிலைத்தது. எழுதாத எத்தனையோ பேருடைய பயணங்கள் எங்கே போயின?

அவற்றுள் சில கொலுப்படியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் நீள நீள, மாதக்கணக்கான யாத்திரை நாள்கணக்காகச் சுருங்கியது. பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பமே புறப்பட முடிந்தது. திரும்பி வரும்போது மூட்டையில் ஒரு பொம்மையும் வந்தது. திருப்பதியிலிருந்து செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணை. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியிலிருந்து, இலேசான பொனிகி மரத்தில் செய்த அம்பாரி யானை. மைசூர் போகும் வழியில் சன்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய விளையாட்டுச் சாமான். பூரியிலிருந்து அண்ணன், தங்கையோடு ஜகந்நாதர்.

காசியிலிருந்து வந்த கங்கைச் சொம்பு பூஜையறையிலேயே மூடிக் கிடக்கும்; ஒருவருடைய கடைசி நேரத்தில்தான் அது திறக்கப்படும். பொம்மைகளோ ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து வெளிவரும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெற்றிலை பாக்குக்கு வரும் பெண்கள் படிகளைப் பார்த்துவிட்டு, "இது எங்கே வாங்கினது மாமி?" என்று கேட்பார்கள். மாமி சொல்லத் தொடங்குவார். ஒன்பது மாலைகள், ஒரே கதை. பாய்விரித்துப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் காதிலும் அது விழும். நினைவைக் காத்தது பொம்மையன்று, அந்தக் கேள்விதான்.

மயிலாப்பூரில் எங்கள் பாட்டி வைத்த கொலு அவர் காலத்துக்குப் பின் மூன்று பெண்களுக்குப் பிரிந்தது. மரப்பாச்சி தியாகராய நகருக்குப் போயிற்று. பூரி ஜகந்நாதர் அடையாற்று அடுக்ககத்துக்கு. ஒற்றைத் தந்தம் ஒடிந்த கொண்டபள்ளி யானை மட்டும் மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டது. மரப்பாச்சியின் கதை எல்லோருக்கும் தெரியும்: பாட்டியின் திருமணத்துக்கு அவருடைய தாயார் கொடுத்த சீர் அது. ஆனால் யானையை யார் வாங்கினார்கள், எந்தப் பயணத்தில், தந்தம் எப்படி ஒடிந்தது என்பதை இன்று சொல்ல ஒருவரும் இல்லை. பாட்டி இருந்தபோது நான் கேட்கவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

இப்போது வடக்கு மாடவீதியில் எல்லா ஊர் பொம்மைகளும் ஒரே நடைபாதையில் கிடைக்கின்றன. அழகானவைதாம், அவற்றை வாங்கவும் செய்கிறேன். ஆனால் அவை பயணம் செய்து நம்மிடம் வந்தவை; நாம் பயணம் செய்து கொண்டுவந்தவை அல்ல. இரண்டாவது வகைக்கு ஒரு கதை தேவைப்படுகிறது. கதை போய்விட்டால் குடும்பப் பொருளும் கடைப்பொருளாகிவிடும்.

சென்ற நவராத்திரி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றியபோது, ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வைத்தேன்: ஊர், ஆண்டு, வாங்கியவர். யானையின் சீட்டில் ஊர்ப்பெயரை மட்டும் எழுத முடிந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு யானை இருக்கலாம். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.