செய்தியும் செயலும்: 1942இல் திருகோணமலை

எச்சரிக்கைச் செய்தி கிடைத்தல் ஒன்று. அஃது உரியவரைச் சேர்ந்து செயலாதல் பிறிதொன்று. 1942 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகம் கண்ட அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டும்.

ஏப்ரல் 4ஆந் திகதி கனேடிய விமானியான பேர்ச்சோல், இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டார். தமது கற்றலீனா விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலி மூலம் செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 8ஆந் திகதி அக்கடற்படை மீண்டும் வானிலிருந்து காணப்பட்டது. செய்தி கிட்டியதும், திருகோணமலைத் துறைமுகத்து நின்ற கப்பல்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டன. 9ஆந் திகதி காலை ராடார் நிலையம் பகைவிமானங்களின் வருகையை முன்னரே உணர்த்திற்று; சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. துறைமுகம் சேதமுற்றதெனினும் கப்பல்களிற் பெரும்பாலானவை அங்கிருக்கவில்லை.

ஆயின், வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், தன்பால் விமானங்களின்றி, மட்டக்களப்புக் கடலிற் பகைவரின் கண்ணிற் பட்டது. உதவிக்கு அனுப்பப்பட்ட விமானங்கள் சேருமுன் அது மூழ்கிற்று. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

காண்பவர், அனுப்புபவர், பெறுபவர், ஆணையிடுபவர், செல்பவர் என நீளும் சங்கிலியில் இறுதிக் கண்ணி பிந்தினும் முந்தியவற்றின் உழைப்பு வீணாகும். படையிலாயினும் பொலிஸ் சேவையிலாயினும், செய்தித்தொடர்புப் பிரிவின் தலைவர் காக்க வேண்டியது கருவிகளை மட்டுமன்று. அச்சங்கிலி முழுவதையுமே எனலாம்.